வெள்ளைப் பாஷாணமும் வேலூரும்

ரத்தப் புற்றுநோய் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது தமிழ் சினிமாதான். கதாநாயகி இரண்டு முறை இருமுவார், கைக்குட்டையில் ரத்தம் இருக்கும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "இன்னும் மூணு மாசம்" என்பார், இடைவேளை. இந்த சினிமாப் பாடத்தில் இரண்டு தவறுகள். ஒன்று, ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல, அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். இரண்டு, அந்தக் குடும்பத்திலேயே மிகக் கொடியது என்று பெயர் வாங்கிய ஒன்று இன்றைக்குப் பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடுகிறது. அதைக் குணமாக்கும் மருந்துகளில் ஒன்று, நம் பாட்டி கதைகளில் வில்லன் பாலில் கலந்து கொடுப்பானே, அதே பாஷாணம்!

"பி.காம். படிக்கிறவனுக்கு ஏன்டா இந்த வேலை?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் டாக்டர் இல்லை, வைத்தியம் சொல்லவும் வரவில்லை. இது ஒரு வரலாற்றுப் பதிவு. நார்வேயில் தொடங்கி, சீனா வழியாக வந்து, நம்ம கிருஷ்ணகிரியில் இருந்து பஸ் ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூரில் ஒரு முக்கியமான திருப்பத்தை எடுத்த வரலாறு. நோயை விட, நோயோடு கூட வரும் இரண்டு அபூர்வமான சிக்கல்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். ஏனென்றால் இந்த நோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தச் சிக்கல்கள்தான்.

1957: மூன்று நோயாளிகள்

1957-ல் லீஃப் ஹில்லெஸ்டாட் என்ற நார்வே நாட்டு மருத்துவர் மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூவருக்கும் தீவிர ரத்தப் புற்றுநோய். மூவரும் சில வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். ஆனால் மற்ற ரத்தப் புற்றுநோயாளிகளைப் போல அல்ல, இவர்களுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. தோலுக்கு அடியில், ஈறில், உள்ளுறுப்புகளில் எல்லாம் கசிவு. ரத்தத்தைச் சோதித்தால் 'புரோமைலோசைட்' என்ற ஒரே வகை அணுக்கள் குவிந்து கிடந்தன. இது தனி நோய், தீவிர ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக மோசமானது இதுதான் என்று அவர் எழுதினார். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா, சுருக்கமாக ஏ.பி.எல். என்ற பெயர் இப்படித்தான் நிலைத்தது.

புரோமைலோசைட் என்றால் என்ன? ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு தொழிற்சாலையில் கச்சாப்பொருள் உள்ளே போகிறது, பல கட்டம் தாண்டி முழுப் பொருளாக வெளியே வருகிறது. நம் எலும்பு மஜ்ஜையும் அப்படி ஒரு ஃபேக்டரிதான். வெள்ளை அணு பல கட்டம் தாண்டி முதிர்ந்த பிறகே ரத்தத்துக்குள் வரவேண்டும். நடுவில் உள்ள ஒரு கட்டம்தான் புரோமைலோசைட். ஏ.பி.எல். நோயில் லைன் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பின்னால் இருந்து சரக்கு வந்துகொண்டே இருக்கிறது, முன்னால் எதுவும் போவதில்லை. அரைகுறை சரக்கு மலைபோலக் குவிந்து, நல்ல அணுக்கள் தயாராக இடமே இல்லாமல் போகிறது.

லைன் ஏன் நின்றது என்பது பிறகு தெரிந்தது. 1977-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலியின் குழு, இந்த நோயாளிகளின் 15-வது, 17-வது குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. இடம் மாறி ஒட்டியதில் ஒரு புதிய புரதம் உருவாகிறது. அதுதான் அணுக்களை வளரவிடாமல் பிடித்து வைக்கும் பூட்டு.

முதல் சிக்கல், ரத்தப்போக்கு. இந்த அரைகுறை அணுக்களுக்குள் இருக்கும் பொருட்கள் ரத்தத்தில் கலக்கும்போது உடம்பு முழுக்கக் கண்டபடி ரத்தம் உறைய ஆரம்பிக்கிறது. அதில் உறையவைக்கும் பொருட்கள் எல்லாம் செலவாகிவிடும். கூடவே, உறைந்ததைக் கரைக்கும் வேலையும் எல்லை மீறி நடக்கும். கையிருப்பு பூஜ்யம் ஆன பிறகு மூளையிலோ நுரையீரலிலோ ஒரு சின்னக் கசிவு வந்தால் அடைக்க ஆள் இல்லை. காலையில் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மறுநாள் மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்துபோவது இந்த நோயில் நடக்கக்கூடிய விஷயம். தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் ஏ.பி.எல். வருகிறது. அபூர்வம்தான், ஆனால் அவசரம்.

ஷாங்காயில் ஒரு புதுமையான யோசனை

1980-கள் வரை எல்லாரும் முயன்றது, கெட்ட அணுக்களைக் கொல்ல. ஷாங்காயின் ருய்ஜின் மருத்துவமனையில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். கொல்வதற்குப் பதில் திருத்தினால் என்ன? நின்றுபோன லைனை மறுபடி ஓடவைத்தால் என்ன?

அவர் எடுத்த மருந்து வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் ஆசிட், சுருக்கமாக 'ஆட்ரா'. 1985-ல் சாகக் கிடந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதைக் கொடுத்தார். பிழைத்தாள். 1988-ல் 24 நோயாளிகளின் முடிவுகளை அவரது குழு வெளியிட்டது. 24 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. அதுவும் மாத்திரையில்! உலகம் முதலில் நம்பவில்லை, பிறகு பாரீஸ், நியூயார்க் என்று எல்லா இடத்திலும் அதே முடிவு வந்ததும் நம்பியது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

குணமாகும்போது வரும் ஆபத்து

1992-ல் நியூயார்க்கில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. ஆட்ரா கொடுத்த 35 நோயாளிகளில் 9 பேருக்கு விசித்திரமான ஒரு சிக்கல். காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலைச் சுற்றி நீர், உடம்பு வீக்கம், சிலருக்கு ரத்த அழுத்தம் சரிவு, சிறுநீரகக் கோளாறு. கிருமித் தொற்றா என்று பார்த்தால் கிருமி இல்லை. நோய் முற்றிவிட்டதா என்று பார்த்தால் அதுவும் இல்லை, மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

மருந்து வேலை செய்வதால்தான் அந்தச் சிக்கலே வந்தது. இதை நான் இரண்டு முறை படித்த பிறகே புரிந்துகொண்டேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள். நின்ற லைன் ஓட ஆரம்பித்ததும், குவிந்து கிடந்த அத்தனை அணுக்களும் ஒரே நேரத்தில் முதிர ஆரம்பிக்கின்றன. முதிர்ந்த வெள்ளை அணுவின் சுபாவம் திசுக்களுக்குள் நுழைவது. கோடிக்கணக்கில் அவை கும்பலாக நுரையீரலுக்குள் நுழைகின்றன. கூடவே அவை சுரக்கும் ரசாயனங்களால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓட்டை விழுந்த குழாய் மாதிரி கசிய, நீர் வெளியேறி உடம்பு வீங்குகிறது. ஷிஃப்ட் முடிந்து சிப்காட் கேட்டுகள் எல்லாம் ஒரே நிமிஷத்தில் திறந்தால் ரோடு என்ன ஆகும்? அதுதான் நுரையீரலில் நடக்கிறது.

முதலில் இதற்கு ரெட்டினாயிக் ஆசிட் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வேறு மருந்துகளாலும் வருவது தெரிந்ததும் டிஃபரென்ஷியேஷன் சிண்ட்ரோம் என்று மாற்றினார்கள். 'முதிர்ச்சிக் கோளாறு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதே நியூயார்க் கட்டுரை ஒரு தீர்வையும் சொன்னது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, 12 மணி நேரத்துக்கு 10 மில்லிகிராம், அறிகுறி தெரிந்த உடனே. இன்று வரை அடிப்படை வைத்தியம் அதுதான். அந்த ஸ்டீராய்டு விலை மலிவானது, சாதாரணமாக எங்கும் கிடைப்பது. சிக்கல் என்ன என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பாஷாணத்தின் வரலாறு

சரி, பாஷாணத்துக்கு வருவோம். சித்த மருத்துவ நூல்கள் 64 வகைப் பாஷாணங்களைச் சொல்கின்றன. வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை இவையெல்லாம் ஆர்சனிக் கலந்தவை. ரசாயனத்தில் வெள்ளைப் பாஷாணத்தின் பெயர் ஆர்சனிக் டிரையாக்சைடு.

மேற்கு நாடுகளும் இதில் பின்தங்கவில்லை. 1786-ல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆர்சனிக் கரைசல் ஒன்றைப் பிரபலப்படுத்தினார். 1865-ல் லிஸ்ஸௌவர் என்ற ஜெர்மானியர் அதை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். 1882-ல் ஒரு இளம் டாக்டர் லான்செட் இதழுக்கு, ரத்தத்தில் வெள்ளை அணு பெருகிய ஒரு நோயாளிக்கு ஆர்சனிக் கொடுத்ததைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அந்த டாக்டர் பெயர் ஆர்தர் கானன் டாயில். ஆமாம், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதியவரேதான் :-) இருபதாம் நூற்றாண்டில் கதிர்வீச்சும் புதிய மருந்துகளும் வந்ததும் ஆர்சனிக் மறக்கப்பட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது வடக்குச் சீனாவின் ஹார்பின் நகரம். 1970-களின் தொடக்கத்தில் ஒரு கிராமத்து வைத்தியர் பாஷாணம், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றையும் கலந்து புற்றுநோய்க்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஜாங் டிங்டாங் என்ற மருத்துவரும் அவரது குழுவும் அதை ஆராய்ந்தார்கள். மூன்றில் வேலை செய்வது பாஷாணம் மட்டும்தான் என்று பிரித்தறிந்து மற்ற இரண்டையும் கைவிட்டார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் அது கேட்காது, ஏ.பி.எல்.லுக்குத்தான் அதிகம் கேட்கிறது என்பதும் தெரிந்தது. 1992-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 32 நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் தணிந்திருந்தது. நாட்டு வைத்தியம் அறிவியலானது இந்த மாதிரி பிரித்து, அளந்து, எண்ணிப் பார்த்ததால்தான். "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல" என்று ஃபார்வர்டு மெயில் அனுப்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

அமெரிக்காவில் இதற்கு 2000 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் மறுபடி வந்த நோய்க்குத்தான் அந்த அனுமதி. அதாவது முதலில் ஆட்ராவும் கீமோதெரபியும், அது தோற்றால் ஆர்சனிக்.

வேலூர், 1998

வேலூர் சி.எம்.சி.யைப் பற்றி நம் பகுதியில் அறிமுகம் தேவையில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியது. அதன் ரத்தவியல் துறையில் மாமன் சாண்டி, அலோக் ஸ்ரீவாஸ்தவா, பின்னாளில் சி.எம்.சி.யின் இயக்குநரான விக்ரம் மேத்யூஸ் ஆகியோர் ஒரு நடைமுறைப் பிரச்சினையை எதிர்கொண்டார்கள். உலகம் சிபாரிசு செய்த ஆட்ராவும் கீமோவும் சேர்ந்த சிகிச்சையின் செலவை அங்கு வந்த நோயாளிகளில் பெரும்பாலோரால் தாங்க முடியவில்லை. கீமோ என்றால் மருந்து விலை மட்டும் அல்ல. அணுக்கள் எல்லாம் அழிந்த வாரங்களில் தொற்று வரும், ஆன்டிபயாடிக் வேண்டும், ரத்தம் ஏற்றவேண்டும், வார்டில் படுத்திருக்கவேண்டும். காஸ்ட் அக்கவுண்டன்சி படிக்கிறவர்களுக்குத் தெரியும், பொருளின் விலை வேறு, மொத்தச் செலவு வேறு.

அதனால் அவர்கள் 1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை, புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக்கையே முதல் மருந்தாக, முக்கிய மருந்தாகக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், நரம்பு வழியாக. 2006-ல் 'பிளட்' என்ற உலகப் புகழ்பெற்ற இதழில் முடிவு வந்தது. 86.1 சதவீதம் பேருக்கு, அதாவது 62 பேருக்கு, நோய் முழுதாகத் தணிந்தது. மூன்று வருடக் கணக்கில் உயிரோடு இருப்போர் சுமார் 86 சதவீதம். 2010-ல் ஐந்து வருடக் கணக்கை வெளியிட்டபோது அது சுமார் 74 சதவீதம். வெள்ளை அணு எண்ணிக்கை குறைவாகவும் பிளேட்லெட் ஓரளவு நன்றாகவும் வந்து சேர்ந்த நோயாளிகளுக்கு முடிவுகள் இன்னும் பிரமாதமாக இருந்தன. ஐம்பது வருடத்துக்கு முன் மூவரும் இறந்த நோய் இது என்பதை நினைவில் வையுங்கள்.

பாஷாணம் பாஷாணம்தான், அதற்கும் சிக்கல்கள் உண்டு. முதிர்ச்சிக் கோளாறு ஆர்சனிக்காலும் வரும். இதயத்துடிப்பின் மின் ஓட்டத்தையும் அது குழப்பும். அமெரிக்காவில் இந்த மருந்து பெற்ற சிலர் திடீரென இறந்ததை 2001-ல் ஒரு கட்டுரை பதிவு செய்தது. அதனால்தான் அடிக்கடி ஈ.சி.ஜி., பொட்டாசியம், மக்னீசியம் குறையாமல் பார்த்துக்கொள்வது என்று கட்டுப்பாடுகள்.

2013-ல் இத்தாலியும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய ஆய்வு, அதிக ஆபத்து இல்லாத நோயாளிகளுக்குக் கீமோவே இல்லாமல் ஆட்ராவும் ஆர்சனிக்கும் மட்டும் கொடுத்தால் போதும் என்று காட்டியது. இரண்டு வருடம் கழித்து 99 சதவீதம் பேர் உயிரோடு. ஆர்சனிக் இப்போது உலகம் முழுக்க முதல் வரிசை மருந்து. பணம் இல்லை என்ற காரணத்துக்காக வேலூரில் எடுத்த பாதை, பணக்கார நாடுகளும் பிறகு வந்து சேர்ந்த பாதையாக இருந்தது.

மருந்து இருக்கிறது, ஆனாலும் ஏன்?

இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் இன்னும் ஏன் இறக்கிறார்கள்? ஸ்வீடனில் 1997 முதல் 2006 வரை நாட்டில் நோய் கண்ட எல்லாரையும் கணக்கெடுத்தார்கள். முதல் 30 நாளில் இறந்தவர்கள் 29 சதவீதம். ஸ்வீடனில்! ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தக் கணக்கு வராது, ஏனென்றால் பெரிய ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தவர்களே ஆய்வில் சேர்கிறார்கள். வழியில் இறந்தவர்கள் எந்தச் சதவீதத்திலும் இல்லை. புள்ளியியல் பாடத்தில் மாதிரி எடுப்பதில் வரும் பிழை என்று படிக்கிறோமே, அதன் விலை இதுதான்.

இதைக் குறைக்க முடியும் என்று பிரேசில் காட்டியது. அங்கே தொடக்க கால மரணம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே நாடுகளின் மருத்துவர்கள் ஒரு வலையமைப்பை உருவாக்கினார்கள். புதிய அதிசய மருந்து எதுவும் இல்லை. நோயைச் சீக்கிரம் உறுதி செய்வது, சந்தேகம் வந்த உடனே ஆட்ராவைத் தொடங்குவது, பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் தயாராக வைப்பது, அனுபவசாலிகளோடு தொடர்ந்து பேசுவது. 2013-ல் வெளியான முடிவில் தொடக்க கால மரணம் 15 சதவீதமாக, ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் இருபத்தைந்து வயதுப் பையன். வெளியூர்க்காரன், ரூமில் நண்பர்களோடு தங்கியிருக்கிறான். பல் தேய்க்கும்போது ரத்தம், தொடையில் அடிபடாமலே நீலத் தழும்பு, அசதி, காய்ச்சல். முதல் நாள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று இரண்டு நாள் வேலைக்கும் போவான். பிறகு பல் டாக்டர். யாராவது "டெங்குவா இருக்கும்" என்பார்கள், பிளேட்லெட் குறைந்திருப்பதால் அதுவும் நம்பும்படிதான் இருக்கும். சரி, பெரிய இடம் போகலாம் என்றால், அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் ரோட்டிலேயே 1973-ல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் மாநிலம் வேறு. வேலூர் நம் மாநிலம், ஆனால் கிருஷ்ணகிரி போய் அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போகவேண்டும். எந்தக் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்ற கேள்வி தனி. இந்தக் குழப்பத்தில் போகும் ஒவ்வொரு நாளும் அந்த நோயின் முதல் சிக்கலுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

இதில் நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. முதல் சந்தேகத்துக்குப் பெரிய கருவி வேண்டாம். ரத்த அணு எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையும் போதும். அனுபவமுள்ள கண்ணுக்குப் புரோமைலோசைட் கூட்டம் தெரிந்துவிடும். 2022-ல் இருந்து கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மரபணு சோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் சந்தேகத்திலேயே ஆட்ராவைத் தொடங்கலாம் என்று உலக வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வேலூருக்கோ பெங்களூருக்கோ ஒரு ஃபோன் போட்டுவிட்டு, ஆளை அனுப்பினால் அதுவே பாதி வைத்தியம். பிரேசிலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டாவது சிக்கலுக்கு இன்னும் எளிய காவலாளி இருக்கிறான். எடை மெஷின். முதிர்ச்சிக் கோளாறு வரும்போது உடம்பில் நீர் தேங்கி எடை திடீரென ஏறும். ஐந்து கிலோவுக்கு மேல் ஏறுவது அந்தக் கோளாறின் அடையாளங்களில் ஒன்று. அதனால்தான் இந்த நோயாளிகளைத் தினமும் எடை பார்க்கிறார்கள். "உடம்பு தேறிவிட்டது, கன்னம் வைத்திருக்கிறது" என்று வீட்டில் சந்தோஷப்படும் அந்த நேரம்தான் டாக்டரிடம் சொல்லவேண்டிய நேரமாகவும் இருக்கலாம். கூட இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

பி.கு: இதைப் படித்துவிட்டு "பாஷாணம் புற்றுநோய்க்கு மருந்தாம்" என்று யாரும் பொடி, பஸ்பம் தேடிப் போகவேண்டாம். அளந்து, ஊசி வழியாக, ஈ.சி.ஜி. பார்த்துக் கொடுத்ததால்தான் அது மருந்து. ஏ.பி.எல். தவிர மற்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு அது பொதுவாகக் கொடுக்கப்படுவதும் இல்லை. அளவும் ஆளும் மாறினால் அது பழையபடி பாட்டி கதையின் பாஷாணம்தான்.